இளையோர் சொற்கேட்டல்

சிறார் கூறும் கருத்தினைச் செவிமடுத்தல் மக்கட் கூட்டத்திற்கு நலந்தருமோ என்பது ஆராயற்பாலது. மூத்தோர் சொல்ல இளையோர் கேட்டலே முறை, அதனை மாற்றுதல் ஒழுக்கக் கேடாம் என்பார் பலர். அவர் கூற்றில் ஒரு பகுதியே உண்மை.

உயிர் அநாதி என்பது சித்தாந்தத் துணிபு. இளமையும் முதுமையும் உடம்பின் பருவங்களேயன்றி உயிரின் பருவங்கள் அல்ல. உயிர்க்குப் பருவமாவது மலபரிபாகம்; அஃது ஆண்டுக்கணக்கால் அளக்கப்படுவதன்று. ஆதலின், ஆண்டிற் சிறியன் என்னும் காரணம் ஒன்றானே ஒருவன் சொல்லைத் தள்ளுதல், உடம்பினை உயிரெனக் கொண்ட மயக்கமேயாம்.

இதற்குச் சான்று நம் சந்தான வரலாற்றிலேயே உளது. 13-ஆம் நூற்றாண்டில், திருவெண்ணெய்நல்லூரிலே இளம்பருவத்தினராகிய மெய்கண்டார் மாணாக்கர்க்கு உபதேசித்து வந்தார். அவர் குடும்பத்துக் குலகுருவும் ஆகமங்களில் வல்லவருமாகிய சகலாகம பண்டிதர் ஆண்டு வந்து, ஆணவமலத்தின் வடிவு யாதென வினவினர். மெய்கண்டார் விடை கூறாது அவரையே நோக்கினர். பண்டிதர் உண்மை தெளிந்து அடிபணிந்து, அருணந்தி சிவாசாரியர் ஆயினர் என்பது வரலாறு. சிவஞானபோதத்தின் வழிநூலாகிய சிவஞான சித்தியார் அவர் அருளியது. அன்று அவர் வெகுண்டு மீண்டிருப்பின் அந்நூல் நமக்குக் கிடைத்திராது.

அற்றேல், மெய்கண்டார் முன்னைத் தவமுடைய பெரியார், நம் தெருவில் விளையாடும் பிள்ளைகள் அத்தகையரோ எனின், அல்லர் என்பது மெய்யே. ஆயினும், கேளாமுன் ஒருவர் தகுதியை அறிதல் எங்ஙனம்? அன்றியும், தன் பசியையும் அச்சத்தையும் அறிதற்குக் குழந்தைக்கு ஞானநூற் பயிற்சி வேண்டா. அவ்வீட்டிற்குச் செல்லேன் என்று ஒரு மகவு நடுங்கி அழுங்கால், பெரியோரைப் பழியாதே என வாயடைத்தல், தீயோர்க்கு மறைவிடம் அமைத்துக் கொடுத்தலேயாம். அம்மகவும் உண்மை கூறிப் பயனில்லை என்பதனைக் கற்று வளரும். அங்ஙனம் வளர்ந்தோர் நிறைந்த ஊரில் அறம் நிலைபெறுமோ?

ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்றுக்கொண்டதும், இந்தியா 1992-இல் இணங்கியதுமாகிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பு, தன்னைப் பற்றிய காரியங்களில் தன் கருத்தைக் கூறும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கின்றது. அக்கருத்திற்கு வயதும் பக்குவமும் நோக்கி மதிப்பளிக்க வேண்டும் என்பது அதன் விதி. பக்குவம் நோக்கி வழங்குதல் சித்தாந்திகட்குப் புதிதன்று.

கேட்டல் வேறு, கீழ்ப்படிதல் வேறு. நோயுற்ற பிள்ளை மருந்து வேண்டா எனின், மருந்தை நிறுத்துக என்பது நம் கருத்தன்று. கசப்போ, அச்சமோ, முன்னர் உண்டபோது நேர்ந்த துன்பமோ என வினவியறிந்து ஊட்டுக என்பதே கருத்து. சிலபோது அவ்வினாவே மருத்துவனும் அறியாத பிழையை வெளிப்படுத்தும்.

இனி, கேட்போர்க்கும் ஒரு பயன் உண்டு. யான் மூத்தேன், யானே அறிவேன் என்னும் செருக்கு ஆணவத்தின் காரியம். சிறியோர் முன் அமைந்து செவிசாய்க்குந்தோறும் அது தேயும். ஆகலின் இளையோர் சொற்கேட்டல் அவர்க்குக் காவலும், ஊர்க்கு நலமும், நமக்குச் சாதனமும் ஆமென்க.