மார்ஜார நியாயமும் மனிதன் கடமையும்

சந்ததியை விருத்தி செய்வது சகல ஜீவராசிகளுக்கும் இயற்கை வகுத்த தர்மமாக இருக்க, வாயில்லாப் பிராணியைப் பிடித்து, மயக்கமருந்து கொடுத்து, அந்தச் சக்தியையே அறுத்தெடுப்பது ஹிம்சை அல்லவா என்று, வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகும் சிங்கப்பூர்த் தமிழர் சிலர் கேட்கிறார்கள். வங்காளத்தில், மகப்பேற்றை அருளும் சஷ்டி தேவிக்கே பூனைதான் வாகனம் என்பதை எண்ணும்போது, இந்தக் கேள்வியை அற்பமென்று ஒதுக்கிவிட முடியவில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு 1989 முதல் இருந்துவந்த தடை 2024 செப்டம்பர் 1 அன்று நீங்கியது. வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். கருத்தடையை அரசு ஊக்குவிக்கிறதே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே அந்தத் தீர்மானம் வளர்ப்பவர் மனச்சாட்சியைச் சார்ந்ததாகிவிட்டது.

ஒரே ஈற்றில் பிறந்த ஆணையும் பெண்ணையும் பிரிக்க மனம் வராமல் ஜோடியாக வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் உண்டு. ஜன்னலுக்குக் கம்பிவலை, கதவுக்குத் தாழ்ப்பாள். நாலைந்து மாதத்தில் பருவமெய்தும் அந்த ஜீவன்களுக்கு வேறு துணை ஏது? பூனைக்குக் கோத்திரமும் இல்லை, முறையும் இல்லை. மாமன் மகளை மணந்தவருக்குப் பிறக்கும் குழந்தையிடம், ஒரே மூதாதையின் மரபணு இருவழியாகவும் வந்து இரட்டிக்கும் பங்கு சராசரியாகப் பதினாறில் ஒன்று. உடன்பிறந்த பூனைகள் ஈனும் குட்டியிடமோ அது நாலில் ஒன்று. அடங்கிக் கிடந்த பிறவிக் குறைகள் வெளிப்பட இதைவிட வாய்ப்பு வேண்டுமா? ஒன்பது வாரத்தில் ஈன்று, அடுத்த சில மாதங்களில் அக்குட்டிகளும் தம்முள் கூடத் தொடங்கினால், தலைமுறைக்குத் தலைமுறை குறை பெருகும்.

இந்நகரின் பெயரையே தாங்கிய சிங்கப்பூரா என்ற இனம் இதற்குச் சாட்சி. 1975இல் மெடோ தம்பதியர் இங்கிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற ஒருசில பூனைகளையே மூலமாகக் கொண்டு பெருக்கப்பட்ட இனம் அது. அந்தப் பூனைகளே அமெரிக்காவிலிருந்து 1974இல் இங்கே வந்தவை என்ற சர்ச்சை பின்னர் எழுந்தது. எனினும் சிற்றுருவும் பழுப்பு மேனியும் கொண்ட அந்தப் பூனையைச் சுற்றுலாத்துறை தன் சின்னமாக்கிக்கொண்டது. 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்றோ, ஆராயப்பட்ட இனங்களுள் மரபு வேறுபாடு மிகக் குறைந்தவை சிங்கப்பூராவும் பர்மியப் பூனையுமே என்று காட்டிற்று. ரத்தசோகையை விளைவிக்கும் பைருவேட் கைனேஸ் குறைபாடும் இவ்வினத்தில் காணப்படுகிறது. அழகை நிலைநிறுத்த விரும்பிய மனிதனின் ஆசைக்குப் பிராணி கொடுத்த விலை இது.

தென்கலை வைஷ்ணவர் சரணாகதிக்கு மார்ஜார நியாயத்தை எடுத்துக்காட்டுவர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும்; பூனைக்குட்டியோ ஒன்றும் செய்யாது, தாயே கவ்விக்கொண்டு போகும்; காக்கும் பாரமெல்லாம் தாயினுடையது. பூனையை வீட்டுக்குள் அடைத்தவன் அந்தத் தாயின் ஸ்தானத்தை வலியப் பெற்றுக்கொள்கிறான். துணை தேடும் சுதந்திரத்தைத் தாழ்ப்பாள் போட்டுப் பறித்தபின், இயற்கையின் தர்மத்தில் நான் குறுக்கிட மாட்டேன் என்று அவன் சொல்வது வேதாந்தம் ஆகாது. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே ஆகும்.

சிகிச்சையில் வலி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கத்தி வைக்காத காலத்தில் என்ன நடந்தது? தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து பராமரிக்க 1998இல் தொடங்கிய அரசுத் திட்டம், 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது நிறுத்தப்பட்டது. பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. இன்று தேக்காவின் பின்சந்துகளில் இடது காதின் நுனி நேராக வெட்டப்பட்ட பூனையைக் கண்டால், அது கருத்தடை செய்யப்பட்டதென்று அறியலாம். சிறு ஹிம்சையால் பெரும் ஹிம்சை விலகுமாயின், அதைச் செய்யத் தயங்குவதே பாவம்.

உரிமம் பெறுவதற்கான இடைக்காலச் சலுகை 2026 ஆகஸ்ட் 31 வரைக்கும்தான் என்று அரசு நாள் குறித்தது. பூனைக்குட்டியின் உடலோ எந்தச் சலுகைக்கும் காத்திராது. ஜோடியாகக் குட்டி வளர்ப்போர், அவை பருவமெய்துமுன் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவார்களாக. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசின் உதவியும் உண்டு.