எலியாபைக் கண்டதும்



நம் பெங்களூரில் 1929இல் பிறந்த சகுந்தலா தேவி, 1980இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு பதின்மூன்று இலக்க எண்களை மனத்துக்குள்ளேயே பெருக்கி 28 நொடியில் விடை சொன்னார். பின்னாளில் ஆர்தர் ஜென்சன் என்ற உளவியலாளர் அவரைச் சோதித்தார். விளக்கு எரிந்ததும் விரலை நகர்த்தும் எளிய சோதனைகளில் அவருடைய வேகம் நம்மைப் போலத்தான் இருந்தது! சிறு வயதிலிருந்தே எண்களோடு புழங்கியவர். ஓர் எண்ணைக் கண்டால் அதன் சொந்தபந்தமெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

சதுரங்கத்திலும் இதே கதை. ஆட்டத்தில் இருக்கும் பலகையை ஐந்து நொடி பார்த்த வல்லுநர், காய்களைப் பெரும்பாலும் அப்படியே திரும்ப அடுக்கிவிடுகிறார். அதே காய்களைத் தாறுமாறாக வைத்தால், புதிதாக ஆடுபவரைப் போலவே திணறுகிறார். சேஸ், சைமன் என்ற இருவர் 1973இல் காட்டியது இது. பழகிய கண் பழகியதைத்தான் பிடிக்கும்.

இன்றைய முதல் வாசகத்துக்கு வாருங்கள். சாமுவேல் சாதாரண ஆளா? சிறுவனாக இருந்தபோதே ஆண்டவரின் குரலைக் கேட்டவர். ஆனால் அவர் திருப்பொழிவு செய்த முதல் மன்னர் சவுல், மற்ற எல்லாரையும்விட உயரம். ஆகவே அடுத்த மன்னரைத் தேடி ஈசாயின் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மகன் எலியாபு நெடுநெடுவென்று வந்து நின்றதும், 'இவன்தான்' என்று மனசு முடிவுகட்டிவிட்டது. அனுபவமில்லாத ஒருவர் அவ்வளவு சீக்கிரம் ஏமாந்திருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நற்செய்தியின் பரிசேயரும் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள்தான். ஓய்வுநாளில் சேறு உண்டாக்கிப் பார்வையற்ற ஒருவனுக்குப் பார்வை தந்த இயேசு அவர்கள் கணக்கில் பாவி. அத்தோடு விசாரணை முடிந்தது. எதிரே பார்வை பெற்று நிற்பவனை அவர்கள் பார்க்கவே இல்லை.

சாமுவேல் அப்படி முடித்துக்கொள்ளவில்லை. ஈசாயின் மகன்கள் ஏழு பேர் வந்து போன பிறகும், 'இன்னும் யாராவது உண்டா?' என்று கேட்டார். ஆடு மேய்க்கப் போன கடைக்குட்டி வரும்வரை பந்தியில் உட்கார மறுத்தார்.

உங்களில் பலர் ஒயிட்ஃபீல்டில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். 2001இல் தங்கச் சுரங்கம் மூடியபின், கோலார் தங்கவயலிலிருந்து நம் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி வருகிறார்கள். கல்லூரியின் பெயர், ஆங்கில உச்சரிப்பு, இந்த இரண்டையும் கொண்டே 'தேறமாட்டான்' என்று உங்கள் அனுபவம் சொல்லிவிடும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும், சிக்கலே அதுதான். விண்ணப்பத்தை ஒதுக்குமுன், 'ஊரில் என்ன செய்துகொண்டிருந்தாய் தம்பி?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலையும் முழுக்கக் கேளுங்கள்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.