பூட்டிய வீட்டுக்குள் முன்னோர் இருப்பார்களா?

சொந்த ஊரில் உங்கள் மாமனார் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணை, முற்றம், ஊஞ்சல், கொல்லையில் துளசிமாடம் எல்லாம் உண்டு. புதுப்பெண்ணாக நீங்கள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்த நிலைவாசல் அது. இன்று நீங்கள் சென்னையில், பிள்ளைகள் வெளிநாட்டில். வருடத்துக்கு ஒருமுறை போய் ஒட்டடை அடித்து, ஒரு விளக்கு ஏற்றி, மீண்டும் பூட்டிக்கொண்டு வருகிறீர்கள்.

அப்போது ஊர்ப் பேரூராட்சியிலிருந்து கேட்கிறார்கள்: 'அங்கன்வாடிக்கும் சமுதாயக் கூடத்துக்கும் இடம் தேடுகிறோம். இந்த வீட்டை விலைக்குக் கொடுப்பீர்களா?'

மனம் திக்கென்கிறது. முன்னோர் வாழ்ந்த வீட்டை விற்றால் பித்ரு சாபம் வந்துவிடுமோ என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அமாவாசை தர்ப்பணத்தில் உங்கள் கணவர் என்ன சொல்கிறார்? கோத்திரத்தைச் சொல்கிறார், தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் பெயரைச் சொல்கிறார். வீட்டு முகவரியைச் சொல்கிறாரா? இல்லையே! ராமேஸ்வரம் கடற்கரையில் விட்டாலும், கயாவில் விட்டாலும், அடுக்குமாடிக் குடியிருப்பில் விட்டாலும் அந்த எள்ளும் தண்ணீரும் அவர்களைச் சேரும் என்பதுதானே நம் நம்பிக்கை? அப்படியானால், பித்ருக்கள் செங்கல்லுக்குள் குடியிருக்கவில்லை. நம் நினைவிலும் சிரத்தையிலும்தான் இருக்கிறார்கள்.

கோயிலில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, வேறோர் இடத்தில் வைத்துப் பூஜிப்பார்கள். தெய்வமே இடம் மாறச் சம்மதிக்கிறது. நின்றுபோகக் கூடாதது பூஜைதான். ஒரு நாள் விளக்கும் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் இருட்டுமாக இருக்கும் வீட்டைவிட, குழந்தைகள் வயிறாரச் சாப்பிடும் வீடு முன்னோருக்கு மகிழ்ச்சி தராதா? குளம் வெட்டுவதையும் சத்திரம் கட்டுவதையும் 'பூர்த்தம்' என்ற தர்மமாகச் சொல்கிறது சாஸ்திரம். ஊருக்குப் பயன்படும் கட்டடமும் அந்த வரிசைதான்.

ஆக, விற்பது பாவமல்ல. ஆனால், எப்படி விற்கிறோம் என்பதில் பாவம் புகுந்துவிடலாம். மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, பெரியவர்களின் கண்ணீர். மாமியார் இருக்கிறாரா? அவரைக் கேட்டீர்களா? சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கையைப் பாருங்கள். 1884-ல் தந்தை மறைந்த பிறகு, கொல்கத்தா பூர்வீக வீட்டுக்காக உறவுக்குள் வழக்கு மூண்டது. உலகையே துறந்த அந்தத் துறவி, தாய் புவனேஸ்வரி தேவி நிம்மதியாக இருக்க ஓர் இடம் வேண்டுமே என்ற கவலையை மட்டும் 1902-ல் சமாதி அடையும் காலம் வரை விடவில்லை. தனக்கு வீடு வேண்டாம் என்பது வைராக்கியம். தாய்க்கும் வேண்டாம் என்பது வைராக்கியமாகாது. அந்த வீட்டை ராமகிருஷ்ண மிஷன் புதுப்பித்து, 2004-ல் எல்லோரும் தரிசிக்கும் இடமாக்கியது தனிக்கதை. ஆகவே, 'ஊருக்குப் போகணும்' என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் மனம் சமாதானமாகும் வரை பத்திரம் காத்திருக்கட்டும்.

இரண்டாவது, நாத்தனாரின் பங்கு. தந்தை உயில் எழுதாமல் மறைந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமைக்குத் தமிழகம் 1989-ல் வழி திறந்தது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. 'சீர் செய்தாயிற்றே, ஒரு கையெழுத்துதானே' என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுவது நியாயமா? அந்த வீட்டில் நீங்கள் கோலம் போடுவதற்கு முன்பே கோலம் போட்டவள் அவள். அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது பெருந்தன்மை. நாம் கேட்டு வாங்கினால் அது வேறு.

மூன்றாவது, விலை. பேரூராட்சி தரும் பணம் யாருடையது? கீரைக்காரம்மா கட்டும் வீட்டுவரியும் அதில் இருக்கிறது. 'சிவன் சொத்து குல நாசம்' என்று பயப்படும் நாம், ஊர்ச் சொத்துக்கும் அப்படித்தானே பயப்பட வேண்டும்? தெரிந்தவரைப் பிடித்து விலையை ஏற்றுவதும், சுவரின் விரிசலையோ வில்லங்கத்தையோ மறைப்பதும் வேண்டவே வேண்டாம். நியாயமான விலையை வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால், விலை வாங்கியபின் 'ஊருக்குத் தானம் கொடுத்தோம்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. தானம் செய்ய ஆசையிருந்தால், உங்கள் பங்கிலிருந்து குறைத்துக்கொள்ளுங்கள். நாத்தனாரின் பங்கிலிருந்து நீங்கள் புண்ணியம் தேட முடியாது!

'நாளை வீட்டை இடித்துவிட்டால்?' என்று கேட்கிறீர்களா? இடிக்கலாம். விற்றபின் அது அவர்கள் முடிவு. ஹோமத்தில் ஒவ்வோர் ஆகுதியின்போதும் 'ந மம' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 'இது என்னுடையதல்ல' என்று பொருள். நெய்யை அக்னியில் விட்டபின் அதன் பின்னால் கையை நீட்டுவோமா? ஸ்ரீமத் பாகவதத்தின் பன்னிரண்டாம் ஸ்கந்தத்தில், தன்னைச் சொந்தமென்று கொண்டாடிய மன்னர்களைப் பார்த்துப் பூமாதேவி சிரிக்கிறாள். அவர்கள் போய்விட்டார்கள், அவள் இருக்கிறாள். மாமனாருக்கு முன்பும் அந்த மண் யாரோ ஒருவர் பெயரில் இருந்ததுதானே!

சாவியைக் கொடுக்கும் நாளில், குடும்பத்தோடு போங்கள். வீட்டைப் பெருக்கிக் கழுவி, வாசலில் கோலம் போட்டு, பூஜையறையில் விளக்கேற்றுங்கள். மாமியாருக்குப் பிடித்த பாயசம் வைத்து நைவேத்தியம் செய்யுங்கள். துளசியை வேரோடும் மண்ணோடும் ஒரு தொட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். நிலைவாசலுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, 'இத்தனை காலம் எங்களைக் காத்தாய், இனி ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்று' என்று வணங்கி வெளியே வாருங்கள்.

அன்று மாலை உங்கள் வீட்டு பால்கனியில் அந்தத் துளசிக்கு ஒரு விளக்கு ஏற்றுங்கள். தினமும் ஏற்றுங்கள். முன்னோர் முகவரி தேடி அலைய மாட்டார்கள். விளக்கு எரியும் இடத்துக்கு வந்துவிடுவார்கள்.