அருளைக் கணக்கிட்ட ஒரு தாய்

'கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம்' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். பிள்ளைக்குத் தேர்வில் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். வீட்டில் ஒருவருக்கு வந்த காய்ச்சல் தணிந்திருக்கும். நெடுநாள் எதிர்பார்த்த வேலை கைகூடியிருக்கும். அப்போது இந்தச் சொற்கள் இயல்பாகவே நாவில் எழுகின்றன. அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து ஒரு துன்பம் வந்துவிட்டால், அதே நாவு 'கடவுளுக்குக் கண் இல்லையா?' என்று கேட்கிறது. அப்படியானால் அன்று நாம் நன்றி செலுத்தியது யாருக்கு? இறைவனுக்கா, நமக்குச் சாதகமாக அமைந்த சூழ்நிலைக்கா?

வேறு சிலர் இன்னொரு முறையில் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். தங்களைவிட அதிகமாகத் துன்பப்படுகிறவர்களைப் பார்த்து, 'அவர்களுக்கு நாம் எவ்வளவோ மேல்' என்று நினைக்கிறார்கள். பிறருடைய கண்ணீரை அளவுகோலாகக் கொண்டு நமது நலத்தை அளப்பது நன்றியுணர்வு ஆகுமா? ஒப்பிட்டுப் பார்க்க யாரும் கிடைக்காத ஒரு நாளில் அந்த ஆறுதல் என்ன ஆகும்?

இறைவன் அன்றாடம் அருளுபவற்றை எண்ணிப் பார்ப்பது எல்லாச் சமயங்களும் போற்றும் ஒரு பயிற்சி. ஆனால் அதை எப்படி எண்ணுவது? சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் பர்மாவில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவ மிஷனரியின் மனைவி, இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலும் ஒரு கடிதத்தாலும் விடை தந்திருக்கிறார். அவர் பெயர் ஆன் ஜட்சன்.

கடல் கடந்த இல்லறம்

ஆன் 1789-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பிராட்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். சில காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தார். 1812 பிப்ரவரி 5 அன்று அடோனிராம் ஜட்சனை மணந்தார். திருமணமாகி இரண்டே வாரங்களில் இருவரும் கப்பலேறினர். ஜூன் மாதம் கல்கத்தாவை அடைந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை அங்கே தங்க விடவில்லை. மொரீஷியஸ் தீவுக்குச் சென்று, அங்கிருந்து 1813 ஜூனில் சென்னைக்கு வந்தனர். சென்னையிலும் தங்க முடியாத நிலை. துறைமுகத்தில் ரங்கூனுக்குச் செல்லவிருந்த ஒரு கப்பல் கிடைத்தது, அதில் புறப்பட்டனர். அந்தப் பயணத்தில் ஆனுக்கு முதற் குழந்தை இறந்தே பிறந்தது. கப்பலில் மருத்துவர் இல்லை.

ரங்கூனில் 1815-இல் ஒரு மகன் பிறந்தான். எட்டே மாதங்களில் அவனும் இறந்தான். கணவனும் மனைவியும் பர்மிய மொழியைக் கற்றுக்கொண்டு, ஒருவருக்கும் அறிமுகமற்ற ஊரில் குடும்பம் நடத்தினர். அவர்களுடைய போதனையை ஏற்று முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-இல்தான். அதற்கே ஆறு ஆண்டுகள் ஆயின.

சமயப் பிரசாரம் குறித்து நம்மில் பலருக்கு வேறு கருத்து இருக்கலாம். அது தனியே சிந்திக்கவேண்டிய விஷயம். இங்கு நாம் காணப்போவது ஒரு மனைவியின், ஒரு தாயின் உள்ளத்தை.

சிறைவாசலில்

1824 மார்ச்சில் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசுக்கும் போர் மூண்டது. ஜட்சன் தம்பதியர் அப்போது தலைநகரான ஆவாவில் இருந்தனர். வெள்ளையர் அனைவரும் ஒற்றர்களாகச் சந்தேகிக்கப்பட்டனர். ஜூன் 8 அன்று அடோனிராம் கைது செய்யப்பட்டு, கொடுங்குற்றவாளிகளுக்கான சிறையில் விலங்கிடப்பட்டார். ஆன் அப்போது கருவுற்றிருந்தார். வீட்டிற்கும் சிறைக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மைல் தூரம். உணவு எடுத்துக்கொண்டு சிறைக்குச் செல்வதும், ஒவ்வோர் அதிகாரியின் வீட்டு வாசலிலும் காத்திருந்து மன்றாடுவதும் அவருடைய அன்றாட வேலைகளாயின.

1825 ஜனவரி 26 அன்று மரியா என்ற பெண் குழந்தை பிறந்தது. பிறந்து இருபது நாட்கள் கழித்து, அந்தச் சிசுவைத் தூக்கிச் சென்று தந்தையிடம் காட்டினார். தந்தை தன் மகளை முதன்முதலாகப் பார்த்தது காலில் விலங்கோடுதான்.

மே மாதத் தொடக்கத்தில் கைதிகள் அவுங்பின்லே என்ற சிற்றூருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மூன்று மாதக் குழந்தையையும், தாம் வளர்த்துவந்த இரண்டு பர்மியச் சிறுமிகளையும் அழைத்துக்கொண்டு ஆன் பின்தொடர்ந்தார். சிறைக் காவலர் ஒருவருடைய வீட்டில், தானியம் பாதி நிறைந்து, அழுக்கடைந்து கிடந்த ஓர் அறை அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆறு மாதங்கள் அதுவே அவர் இல்லம். வந்த மறுநாளே சிறுமிகளில் ஒருத்திக்குப் பெரியம்மை கண்டது. மற்றொருத்திக்கும் காவலரின் குழந்தைகளுக்கும் ஆன் தம் கையாலேயே அம்மை குத்தினார். தம் கணவரை விலங்கிட்டுக் காக்கும் மனிதருடைய குழந்தைகள் அவர்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அந்தக் குழந்தைகள் நலமடைந்தனர். ஆனால் சின்னஞ்சிறு மரியாவைப் பெரியம்மை கடுமையாகத் தாக்கியது. அவள் தேறுவதற்குள் ஆனும் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார்.

ஒரு கடிதம்

விடுதலைக்குப் பிறகு, 1826 மே 26 அன்று ரங்கூனிலிருந்து கணவரின் சகோதரருக்கு ஆன் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தாம் பட்ட துன்பங்களை அதில் ஒன்றுவிடாமல் விவரிக்கிறார். அந்தத் துன்பங்களுக்கு நடுவே, அதே நிதானத்தோடு, வேறு சிலவற்றையும் பதிவு செய்கிறார். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கு காண்போம்.

முதலாவது, அரைத் துண்டுத் துணி. அவுங்பின்லேக்குக் கைதிகள் கொதிக்கும் மணலில் வெறுங்காலுடன் நடத்திச் செல்லப்பட்டனர். அடோனிராமின் பாதங்கள் புண்ணாகிவிட்டன. உடன் சிறைப்பட்ட ஓர் ஆங்கிலேய வணிகருக்கு வங்காளப் பணியாளர் ஒருவர் இருந்தார். அவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியைத் தம் எஜமானருக்கும், மறுபாதியை அடோனிராமுக்கும் கொடுத்துக் காலில் சுற்றிக்கொள்ளச் செய்தார். எஞ்சிய தூரம் முழுவதும் அடோனிராமுக்குத் தம் தோளையும் கொடுத்தார்.

இரண்டாவது, ஒரு சமையற்காரரின் உழைப்பு. அவரும் வங்காளத்தவர். ஆன் நோயுற்றபோது, சாதி வழக்கங்களையும் தம் சொந்தத் தேவைகளையும் மறந்து அந்தக் குடும்பத்துக்குப் பணி செய்தார். விறகுக்கும் தண்ணீருக்கும் நெடுந்தூரம் நடந்தார். அவர்களுக்கு உணவு தயாரித்துக் கொடுத்த பின்னரே, சில நாட்களில் மாலை மயங்கும் நேரத்தில்தான், தாம் உண்டார். ஒருபோதும் முறையிடவில்லை, சம்பளம் கேட்கவில்லை. மருந்துக்காக ஆவா சென்று, எலும்பும் தோலுமாகத் திரும்பிவந்த ஆனைக் கண்டதும் அவர் வாய்விட்டு அழுதுவிட்டார். இதையெல்லாம் எழுதுவது தமக்கு மகிழ்ச்சி தருவதாக ஆன் குறிப்பிடுகிறார்.

மூன்றாவது, சில வாய்ப் பால். நோயால் ஆனுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. அந்த ஊரில் வேறு பாலும் கிடைக்கவில்லை. பசியால் குழந்தை இரவெல்லாம் கதறியது. காவலர்களுக்குச் சிறு அன்பளிப்புகள் கொடுத்து, கணவரைச் சிறிது நேரம் வெளியே விடுமாறு ஆன் வேண்டினார். விலங்கு பூட்டிய கால்களோடு அந்தத் தந்தை குழந்தையை ஏந்திக்கொண்டு கிராமத்து வீடுகளுக்குச் சென்று, கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களிடம் பால் யாசித்தார். அந்தத் தாய்மார்கள் பகைநாட்டவனாகக் கருதப்பட்ட ஒரு கைதியின் குழந்தைக்குப் பாலூட்டினர்.

கணக்கிடும் முறை

அரைத் துண்டுத் துணி, பாதி வயிற்றோடு ஒருவர் சமைத்துத் தந்த சோறு, அயலாள் தந்த பால். ஆன் எண்ணிய அருட்கொடைகள் இவைதாம். இவற்றிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடங்கள் இரண்டு.

ஒன்று: அவர் தம் துன்பத்தை மறைக்கவில்லை. 'எல்லாம் நன்மைக்கே' என்று அவசரமாகச் சொல்லி அழுகையை விழுங்குவது பக்தி என்று நாம் சில சமயம் கருதுகிறோம். துயரத்தில் இருப்பவரிடம், 'நன்றி சொல்லப் பழகு' என்று உபதேசமும் செய்துவிடுகிறோம். ஆனின் கடிதத்தில் கண்ணீரும் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. ஒன்றுக்கு இடமளிக்க மற்றொன்று வெளியேற்றப்படவில்லை. உண்மையை மறைத்துச் செலுத்தும் நன்றி இறைவனிடம் பேசும் இச்சகமாகிவிடும். உள்ளதை உள்ளபடி கூறும் உள்ளத்தில்தான் நன்றியும் உண்மையாக இருக்க முடியும்.

இரண்டு: அவர் எண்ணிய ஒவ்வொரு கொடைக்கும் ஒரு கை இருக்கிறது. நாமோ பெற்ற பொருளை எண்ணுகிறோம்: வீடு, வேலை, உடல்நலம். பொருளை மட்டும் எண்ணும்போது, அது போனால் கணக்கும் போய்விடுகிறது. கொடுத்த கையை எண்ணும்போது நன்றி வேறு ஆழத்தை அடைகிறது. இறைவனின் அன்பு தமக்கு அளிக்கப்பட்டது என்று ஆன் உறுதியாக நம்பினார். ஆனால் அந்த அன்பு தலைப்பாகையைக் கிழித்த ஒரு பணியாளரின் கை வழியாகத்தான் வந்தது என்பதை அவர் மறக்கவில்லை. இறைவனுக்கு நன்றி சொல்லி, அருகில் நிற்பவரை மறந்துவிடுவது அரை நன்றி.

கணக்கு பொய்த்ததா?

இங்கே ஒரு கடினமான கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. கடிதம் எழுதிய ஐந்தே மாதங்களில், 1826 அக்டோபர் 24 அன்று, ஆம்ஹர்ஸ்ட் என்று அன்று அழைக்கப்பட்ட கடற்கரை ஊரில் ஆன் காய்ச்சலால் இறந்தார். வயது 36. கணவர் அருகில் இல்லை. அலுவல் நிமித்தம் ஆவா சென்றிருந்தார். ஆறு மாதங்கள் கழித்து, 1827 ஏப்ரலில், குழந்தை மரியாவும் தாயைத் தொடர்ந்தாள். அப்படியானால் அந்தத் தாய்மார்கள் ஊட்டிய பால் வீணா? ஆன் எழுதிவைத்த கணக்கு பொய்த்துவிட்டதா?

வணிகனின் கணக்கு என்றால் ஆம், பொய்த்துவிட்டதுதான். வணிகன் ஆண்டின் முடிவில் வரவையும் செலவையும் நேர் செய்து, எஞ்சியது என்ன என்று பார்க்கிறான். அருளை அப்படிக் கணக்கிட முடியாது. அருள், நாளைக்கான உத்தரவாதச் சீட்டு அன்று. பசித்த குழந்தைக்கு ஒரு நாள் கிடைத்த பால், அந்த ஒரு நாளைக்கு முழுமையான அருள். பின்னர் வந்த மரணம் அந்த நாளைப் பின்னோக்கிச் சென்று அழித்துவிட முடியாது.

இதற்கு அடோனிராமே சாட்சி. மனைவியும் மகளும் மறைந்த பின் அவர் பெருந்துயரில் ஆழ்ந்தார். சில காலம் மனித சகவாசத்தையே விட்டு விலகி, காட்டில் ஒரு குடிசையில் தனித்திருந்தார். நம்பிக்கை உள்ளவர் உடைந்துபோவதில்லை என்பது சரியன்று. மெல்ல மெல்ல அவர் மீண்டெழுந்து, பைபிள் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்க்கும் பணியை 1834-இல் நிறைவேற்றினார். சிறைக்காலத்தில் அந்த மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை, எவரும் ஆசைப்படாத முரட்டுத் தலையணை ஒன்றினுள் வைத்துத் தைத்துக் காத்துக்கொடுத்தவர் ஆன்தான்.

பின்னாளில் ஒரு முறை நண்பர்களிடையே, மனிதன் அடையக்கூடிய மிகப் பெரிய இன்பம் எது என்ற பேச்சு எழுந்தது. அடோனிராம் ஒரு மாலைப்பொழுதை நினைவுகூர்ந்தார். 1826-இன் தொடக்கத்தில், விடுதலை பெற்று ஐராவதி நதியில் படகில் சென்ற மாலை அது. குளிர்ந்த காற்று, நிலவொளி, பக்கத்தில் மனைவி, கையில் குழந்தை, யார் காலிலும் விலங்கு இல்லை. இதற்கு இணையான இன்பம் எதுவுமில்லை என்பது அவருடைய துணிபு. அதைச் சொன்னபோது அந்த மனைவியும் இல்லை, அந்தக் குழந்தையும் இல்லை. ஆயினும் அந்த மாலை அவருடைய கணக்கில் அழியாமல் இருந்தது.

நமது கணக்கு

அன்பர்களே, இன்றிரவு உறங்கச் செல்லும் முன் சில நிமிடங்கள் அமர்வோம். இன்று நமக்குக் கிடைத்தவற்றுள் இரண்டு மூன்றை நினைத்துப் பார்ப்போம். ஒவ்வொன்றும் யாருடைய கை வழியாக வந்தது என்று கேட்டுக்கொள்வோம். விடியற்காலையில் பால் கொண்டுவந்தவர், பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தவர், நமது சினத்தைப் பொறுத்துக்கொண்ட வீட்டார் என்று முகங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும். துயரம் மிகுந்த நாளாயிருந்தால், அதையும் மறைக்காமல் இறைவனிடம் சொல்வோம். அன்று ஒரே ஒரு முகம் நினைவுக்கு வந்தாலும் போதும்.

அவுங்பின்லேயின் தாய்மார்களுடைய பெயர்களை வரலாறு குறித்துவைக்கவில்லை. அழுத குழந்தையைக் கண்டார்கள், மடியில் வாங்கினார்கள், பாலூட்டினார்கள். பிறகு தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒரு தாயின் நன்றிக் கணக்கில் தாங்கள் இடம்பெற்றுவிட்டதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

இன்றிரவு எங்கோ ஒருவர் தமக்குக் கிடைத்த அருளை எண்ணிப் பார்க்கையில், நமது முகம் அவர் நினைவில் தோன்றுமா? அப்படித் தோன்றும்படி நாளைய பொழுதை வாழ்வதே, இன்று நாம் பெற்றதற்கு இறைவனிடம் செலுத்தும் நன்றி.