செம்பருத்தியும் கொல்லாமையும்

காளியம்மனுக்குச் செம்பருத்தி வேண்டும். செம்பருத்தி பிழைக்க மாவுப்பூச்சி போக வேண்டும். அப்படியென்றால் பூசை கொலையில்தான் தொடங்குகிறதா? சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் என் வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில் நான் சோப்புத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்து, வடபத்திர காளியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் வந்த தோழி இதைத்தான் கேட்டாள்: "சாமிக்கு வைக்கிற பூவுக்காக உயிரைக் கொல்லலாமாக்கா?"

"செடியும் உயிர்தானே" என்று வாயை அடைத்திருக்கலாம். ஆனால் தொல்காப்பிய மரபியல் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, எறும்புக்கு மூவறிவு, தும்பிக்கு நாலறிவு என்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் குறைந்த அறிவுள்ளதைக் காக்க, அதிக அறிவுள்ளதைக் கொல்கிறேன். வள்ளுவரோ 33ஆம் அதிகாரத்தில் கொல்லாமையை வைத்தார். 55ஆம் அதிகாரமான செங்கோன்மையில், கொடியவரை மன்னன் ஒறுப்பதைக் களையெடுப்புக்கு ஒப்பிட்டார். களையெடுக்கிறவருக்கு எது பயிர், எது களை என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பிடி கிடைத்தது அங்கேதான்.

தளிர் சுருண்டு, கணுவில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தால் மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடும்; அதை நக்க வரும் எறும்பு அதற்குக் காவல் நிற்கும். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்றின் புழுவும் அதேபோல் பஞ்சு போர்த்தித்தான் இருக்கும். ஆனால் சற்றுப் பெரியது, விறுவிறுவென்று ஊரும். பாராமல் தெளித்தால் காப்பாற்ற வந்ததும் சேர்ந்து சாகும். பக்தி அதற்குப் பரிகாரம் ஆகாது.

பார்த்துக் கொல்வதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது, மருந்துக்கு அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற நுண்குளவியைத் தருவித்து விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி ஒடுங்கியது. குளவிதானே கொன்றது என்று கை கழுவ முடியாது, ஏவியது நம் கைதான். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் கொல்லும் மருந்துக்கும், தனக்கு உரியதை மட்டும் தேடிப் போகும் குளவிக்கும் உள்ள தூரம் சின்னதில்லை. அறிவு கூடினால் கொலை குறையும்.

கொல்லாமையில் சமணம் துறவிக்கு முழுமையான மகாவிரதமும் இல்லறத்தாருக்கு இயன்ற அளவிலான அணுவிரதமும் விதித்தது. தொட்டி வைத்திருக்கும் நான் இரண்டாவது கூட்டம். முதலில் உற்றுப் பார்ப்பேன். பிறகு தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவேன், எறும்பின் வழியை மறிப்பேன், பூச்சி அப்பிய நுனியைக் கிள்ளுவேன். சோப்புத் தண்ணீர் கடைசியில்தான், அதுவும் அந்தக் கணுவுக்கு மட்டும்.

தோழியிடம் சொன்னேன்: "கொல்லலாம்னு சொல்ல நான் யாரு? கொல்றேன், அவ்வளவுதான். அம்மன் கேட்டான்னு அவ மேல பழி போட மாட்டேன். செடி எனக்கு வேணும்."