முதல் அம்பை எய்தவன் யார்?

உடல் நொந்தவனைக் கண்டால் உலகம் இரங்குகிறது. மனம் நொந்தவனைக் கண்டால் ஏசுகிறது. கால் முறிந்தவனைப் பார்த்து, "ஏன் நடக்கவில்லை?" என்று எவரும் வினவுவதில்லை. மனம் முறிந்தவனைப் பார்த்தோ, "உனக்கென்ன குறை? சோற்றுக்கு இல்லையா, துணிக்கு இல்லையா?" என்று வினவாதார் இல்லை. இவ்வேற்றுமை நியாயந்தானா என்பதை ஆராயவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன். எழுதுவதற்குக் கூச்சமாகவும் இருக்கிறது. ஏனெனில் இதில் முதற் குற்றவாளி நானே.

நான் பெங்களூரில் ஒரு பஞ்சாலையில் பத்தொன்பதாம் வயது முதல் உழைத்தவன். ஏழாம் வகுப்போடு பள்ளி நின்றது. இரவு ஷிப்ட் முடிந்த பகற்பொழுதுகளில், பழம் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்துத் தம்மத்தை அறிந்துகொண்டேன். ஆலை மூடப்பட்டபின் பிரசங்கமே என் பணியாயிற்று. மாதத்தில் இரண்டு ஞாயிறு கோலார் தங்கவயலுக்குச் சென்று அங்குள்ள விகாரையில் பேசி வருவது வழக்கம்.

தங்கவயலின் வரலாறு நம் வாசகர்கட்குப் புதிதன்று. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி வேலையைத் தொடங்கியது முதல், வடாற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் உழைத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கம் மூடிற்று, வயிறு மூடவில்லை. அன்று முதல் அவ்வூராருக்கு ரயில்தான் சுரங்கம். மாரிகுப்பத்தில் விடியுமுன் ஏறி, நெடுந்தொலைவு கடந்து பெங்களூரில் இறங்கி, காவற்காரராகவும் கணக்கெழுதுவோராகவும் தையல் தொழிலாளராகவும் உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். கூலி வேலைக்குச் செல்லும் தகப்பனும் கல்லூரிக்குச் செல்லும் மகனும் ஒரே வண்டியில் நின்றுகொண்டு உறங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

அவ்வண்டியில் செல்லும் மாணவன் ஒருவன், பிரசங்கம் முடிந்த ஒரு மாலையில் என்னிடம் தனித்து வந்தான். பாட்டன் சுரங்கத் தொழிலாளி. தகப்பன் பெங்களூரில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் காவல் பார்ப்பவர். குடும்பத்தில் பொறியியற் கல்லூரியில் காலடி வைத்த முதற் பிள்ளை இவன். "ஐயா, உறக்கம் வரவில்லை. புத்தகத்தைத் திறந்தால் நெஞ்சு படபடக்கிறது. படித்தது ஒன்றும் நிற்கவில்லை" என்றான்.

என்னிடம் விடை ஆயத்தமாயிருந்தது. பிரசங்கியிடம் விடை எப்போதுமே ஆயத்தமாயிருக்கும். அதுவே பிரசங்கியின் நோய். சம்யுத்த நிகாயத்தில் பகவன் அருளிய இரண்டு அம்புகளின் உவமையை எடுத்து விரித்தேன். ஒருவன்மீது ஓர் அம்பு தைக்கிறது. அது உடல் வேதனை. அதை எண்ணி எண்ணி நொந்து புலம்புவது இரண்டாம் அம்பு. அறிவுடையவன் முதல் அம்பின் வலியை மட்டும் உணர்வான். அறிவிலி இரண்டையும் ஏற்பான். "தம்பி, இரண்டாம் அம்பை எய்கிறவன் நீயே. மூச்சைக் கவனி, மனம் அடங்கும்" என்று முடித்தேன். எனக்கே என் பேச்சு இனித்தது.

அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு மெதுவாக, "சரி ஐயா. முதல் அம்பை எய்கிறவன் யார்?" என்று கேட்டான்.

குறும்பாகக் கேட்கிறான் என்று எண்ணிச் சிரித்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதங் கழித்து அவன் தகப்பனார் வந்து சொன்னபோதுதான் செய்தி தெரிந்தது. பையன் நாள்தோறும் இருளில் எழுந்து, கல்லூரிக்குப் போவதாகச் சோற்றுப் பாத்திரம் எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறான். பங்காரப்பேட்டையில் வண்டியை விட்டிறங்கி, நடைமேடைப் பெஞ்சியில் மாலை வரை அமர்ந்திருந்து வீடு திரும்பியிருக்கிறான். ஒருநாள் இருநாள் அன்று, ஆறு வாரம். பாத்திரத்திலிருந்த சோற்றையும் தொடாமல் யாருக்கோ கொடுத்து வந்திருக்கிறான். அவனுக்கு வரவேண்டிய உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை. கட்டணம் கட்டாதோர் பெயரைக் கல்லூரியில் வகுப்பில் எழுந்து நிற்கச் செய்து வாசித்திருக்கிறார்கள். உடன் பயிலும் சிலர், "உனக்கென்ன, இடமும் இலவசம், பணமும் இலவசம்" என்று நகையாடியிருக்கிறார்கள். இவை அனைத்தையும் நான் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. மூச்சைக் கவனிக்கச் சொன்னேன்.

இங்கே என் ஆலைப் பாடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நூற்பு இலாகாவில் ரிங் பிரேமில் நூல் அடிக்கடி அறுந்தால், மேஸ்திரி நூலை ஏசமாட்டார். எங்களை ஏசுவார், அது வேறு. ஆனால் காரணம் தேடும்போது கதிர் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது, காற்றில் ஈரம் போதுமா, பஞ்சு எத்தரம் என்றுதான் பார்ப்பார். வேகம் மிகுந்து ஈரம் குறைந்தால் நல்ல பஞ்சும் அறும். பஞ்சுக்குக் காட்டும் இந்நீதியை மனிதனுக்குக் காட்ட நாம் மறுக்கிறோம். பன்னிரண்டு மணி நேரம் நின்றவன் வீட்டில் எரிந்து விழுந்தால் "கோபக்காரன்" என்கிறோம். நான்கு மணி நேரம் உறங்கிய மாணவன் தேர்வில் தவறினால் "சோம்பேறி" என்கிறோம். கதிரின் வேகத்தை யாரும் பார்ப்பதில்லை.

நம்மவருள்ளும் சிலர், "எல்லாம் முற்பிறப்பின் கன்மம்" என்று சொல்லக் கேட்கிறேன். பழைய வழக்கம் நாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீவகன் என்னும் பரிவிராஜகன் இதே கேள்வியைப் பகவனிடம் கேட்டான். வேதனைக்கு எட்டுக் காரணங்களை அவர் எண்ணிச் சொன்னார்: பித்தம், சிலேட்டுமம், வாதம், மூன்றும் கூடியது, பருவ மாற்றம், உடலை ஒழுங்காகப் பேணாமை, பிறரால் நேரும் தாக்குதல், எட்டாவதாகக் கன்மம். எல்லாம் முன்வினையே என்போர் கண்கூடான உண்மையைக் கடந்து பேசுகிறார்கள் என்று கண்டித்தார். எட்டில் ஏழை விட்டுவிட்டு ஒன்றையே பிடித்துக்கொள்வது எதற்காக? அந்த ஒன்றினால் எவருக்கும் செலவு கிடையாது என்பதற்காகத்தான். பருவ மாற்றமென்றால் கூரை வேய வேண்டும். தாக்குதலென்றால் தாக்கியவனைத் தடுக்க வேண்டும். கன்மமென்றால் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு மறுப்பு முதியோரிடமிருந்து வருகிறது. "பாறை வெடிக்கும் ஆழத்தில் வெந்து உழைத்தோமே, எங்களுக்கு இந்த மன அழுத்தம் எல்லாம் வந்ததா?" என்கிறார்கள். வந்தது, பெரியவர்களே. அதற்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான். சம்பள நாளன்று கள்ளுக்கடையில் அது அமர்ந்திருந்தது. இரவில் அடிபட்ட மனைவியின் உடம்பில் தழும்பாயிருந்தது. எங்கள் ஆலை மூடப்பட்டபின் என் சக தொழிலாளி ஒருவர் ஆறு மாதம் வரை காலை ஏழு மணிக்கு வாயிற்கதவின் முன் சென்று நின்று வந்தார். பேய் பிடித்ததென்று வேப்பிலை அடித்தோம். பெயர் தெரியாத நோய்க்கு நாம் செய்த வைத்தியம் அது. முதியோர் சொல்வதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: அவர்கள் லயன் வீடுகளில் தோளோடு தோள் சேர்ந்திருந்தார்கள். ஒருவன் சுரங்கத்தில் வீழ்ந்தால் தெருவே எழுந்தது. இன்றைய இளைஞன் நெரிசல் மிக்க வண்டியில் தனியே நிற்கிறான். கைப்பேசி ஒன்றே அவனுக்குத் துணை.

டாக்டர் அம்பேத்கர் நியூயார்க்கிலும் லண்டனிலும் பயின்றுவிட்டு, 1917-ஆம் ஆண்டு பரோடா சமஸ்தானத்துப் பணிக்குச் சென்றார். தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியேந்தியோர் அவரை வெளியேற்றினர். பொதுத் தோட்டம் ஒன்றில் துயரோடு அமர்ந்திருந்ததையும், அந்நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் கண்ணீர் வருவதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அக்கண்ணீரை மனத்தளர்ச்சி என்று எவனேனும் சொல்லத் துணிவானா? பிற்காலத்தில் அவர் வைசிராய் சபையில் தொழில் உறுப்பினராய் இருந்தபோது, ஆலைகளில் வாரத்திற்கு 54 மணியாயிருந்த வேலை நேரத்தை 48 ஆகக் குறைக்கும் திருத்தம் 1946-இல் கொண்டுவரப்பட்டது. அதை மனநோய்க்கு மருந்து என்று எவரும் எழுதியதில்லை. நான் எழுதுவேன். ஆறு மணி நேர உறக்கம் அதில் இருந்தது.

நோயின் அளவை நாம் குறைவாக மதிப்பிடலாகாது. 2021-ஆம் ஆண்டில் இந்நாட்டில் தம்முயிரை மாய்த்துக்கொண்டோர் 1,64,033 பேர் என்று தேசியக் குற்றப் பதிவேட்டுத் துறை கணக்கிட்டது. அவருள் தினக்கூலிகள் 42,004, மாணவர்கள் 13,089. நான்கில் ஒருவர் கூலியாள் என்றால், இதைத் தனி மனிதர் பலவீனம் என்று எப்படிக் கொள்வது? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமோ, உயிர்விட முயன்றவரைக் கடும் மன நெருக்கடிக்கு ஆளானவராகவே கொள்ளவேண்டும், தண்டிக்கலாகாது, அரசு அவர்க்குச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்று விதித்தது. சட்டத்திற்குக் கனிந்த இரக்கம் நம் தெருவிற்கு இன்னும் கனியவில்லை. நிம்ஹான்ஸ் நிலையத்தார் 2015-16-இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, மனநோய் உற்றோரில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் சிகிச்சையின்றி இருந்தனர். மருத்துவரிடம் போவதை வெட்கமென்று எண்ணும் அன்பர்கள், 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்க. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

"அப்படியாயின் தியானம் வீணா? கட்டணம் கட்டினால் எல்லாம் சரியாகுமா?" என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. அந்தப் பையனின் கட்டணத்தை நாங்கள் பலர் சேர்ந்து கட்டிய பின்னும் அவன் மூன்று மாதம் உறங்கவில்லை. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். வாரந்தோறும் அமர்ந்து பேசவும் செய்தார். இரண்டாம் அம்பு உண்மைதான். பகவன் சொன்னது பொய்யாகாது. பொய்யாக்கியவன் நான். முதல் அம்பு தைத்து நிற்கையில் அதைப் பார்க்காமலே இரண்டாவதைப் பற்றிப் பேசியது என் பிழை.

ஆளவியில் நடந்ததை இப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். தொலைந்த எருதைத் தேடி அலைந்த ஏழை உழவன் ஒருவன் பசியோடு சபைக்கு வந்தான். கூட்டம் முழுதும் காத்திருந்தது. பகவன் வாய் திறக்கவில்லை. மிஞ்சிய சோறு உண்டா என்று கேட்டு, முதலில் அவனை உண்ணச் செய்தார். அவன் உண்டு இளைப்பாறிய பிறகே தம்மம் உரைத்தார். பிக்குகள் முணுமுணுத்தார்களாம். முப்பது ஆண்டு அக்கதையைச் சொல்லிவந்தேன். பகவனின் கருணைக்கு உதாரணமாகவே சொன்னேன். உரைக்கும் முறையே அதுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது தங்கவயலில் ஞாயிறு நிகழ்ச்சியின் வரிசை மாறியிருக்கிறது. முதலில் சோறு. அடுத்து ஒரு மணி நேரம் மனுக்கள் எழுதும் வேலை: உதவித்தொகை, வைப்புநிதி, ஓவர்டைம் பாக்கி. அந்தப் பையன்தான் கணினியோடு அமர்ந்து நிரப்பிக் கொடுக்கிறான். ஒரு வருடம் பிந்தினாலும் படிப்பைத் தொடர்கிறான். இன்னும் சில நாட்கள் அவனுக்குக் கடினமாகவே இருக்கின்றன. அன்று வரமாட்டான், வேறொருவர் எழுதுவார். தியானமும் உரையும் கடைசியில். அவன் தகப்பனார் சனிக்கிழமை இரவுக் காவலை முடித்து நேரே வந்து முன்வரிசையில் அமர்வார். கண் மூடிய இரண்டு நிமிடத்தில் குறட்டை கேட்கும். முன்னெல்லாம் தியானத்தில் உறங்குவோரை நான் தோளில் தட்டி எழுப்புவேன். இப்போது பின்சுவரோரம் இரண்டு பாய் விரித்து வைத்திருக்கிறோம்.