அளவுகோலும் அண்டை வீடும்

நமது பொருளைக் கொண்டு நமது வீட்டில் நாம் மகிழ்வதைத் தடுக்க மற்றவருக்கு என்ன பாத்தியம் உண்டு? இவ்வாறு வினவுவோர் இன்று பலர். நாமும் அக்கூட்டத்தில் இருந்தவரே என்பதை ஒளிக்காமற் சொல்லிவிட்டு இவ்விஷயத்தைத் தொடங்குகிறோம்.

கிள்ளானில் உள்ள நமது வரிசை வீட்டின் கூடத்தைச் சிறு படக்கொட்டகைபோல் ஆக்க விரும்பி, ‘சப்வூஃபர்’ என்னும் கீழ்ச்சுருதி ஒலிப்பெட்டி ஒன்றை வாங்கினோம். இடி, வெடி, யானை நடை, பறையடி ஆகியவற்றின் அடியொலியைத் தருவது இப்பெட்டியே. பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளே இதன் பங்கு. முற்றும் மூடிய பெட்டி ஒரு வகை. துளைக்குழாய் வைத்தது மற்றொரு வகை. துளைப்பெட்டி அதே மின்சக்தியில் ஆழ்ந்த சுருதியை உரக்க முழக்கும். இடமும் அதிகம் பிடிக்கும். சிறு கூடத்திற்கு மூடிய பெட்டியே போதும் என்று கடைக்காரர் சொன்னார். நாம் கேட்கவில்லை. பெரியதையே தூக்கி வந்து மூலையில் வைத்தோம். மூலையில் வைத்தால் முழக்கம் இன்னும் கூடும் என்பது அப்பொழுது நமக்குப் பெருமையாகவே இருந்தது.

மூன்றாம் நாள் அடுத்த வீட்டுப் பெரியவர் வந்தார். தோட்டத்திற் பிறந்து, பால்மரம் சீவி, தோட்டம் விற்கப்பட்டபின் பட்டணத்திற்குக் குடிவந்தவர். “தம்பி, காதிலே பெரிதாக ஒன்றும் விழவில்லை, நெஞ்சுக்குள்ளேதான் இடிக்கிறது. வீட்டிலே அம்மாவுக்கு உறக்கமில்லை” என்றார்.

நாம் என்ன செய்தோம்? ஒலிமானி வாங்கினோம்! நியாயத்தைக் கருவியே சொல்லட்டும் என்பது நமது எண்ணம். கைப்பேசியிலேயே அளக்கலாமே என்றார் ஒரு நண்பர். கைப்பேசியின் ஒலிவாங்கி மனிதர் பேச்சுக்கென அமைந்தது. கீழ்ச்சுருதியில் அதை நம்புதற்கில்லை. ஆதலின் தனிக் கருவியையே ஏந்திப் பெரியவர் வீட்டுச் சுவரோரம் நின்றோம். 46 டெசிபெல் காட்டியது. அவர் வீட்டு மின்விசிறியின் இரைச்சலே அவ்வளவு இருக்கும். “இது மனப்பிரமை, ஐயா” என்று சொல்லியும் விட்டோம். அவர் எண்ணைப் பார்த்தார்; நம்மைப் பார்த்தார்; பேசாமல் உள்ளே போனார்.

அக்கருவியில் ‘ஏ’, ‘சி’ என இரு நிலைகள் உண்டு. மெல்லிய ஒலியில் மனிதச் செவி கீழ்ச்சுருதியை மிகக் குறைவாகவே உணர்கின்றது என்பதை 1933இல் பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அளந்து காட்டினர். அவ்வுண்மையை ஒட்டி எழுந்த ‘ஏ’ நிலை, 40 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஏறக்குறைய 35 டெசிபெலைக் கழித்துவிட்டே கணக்குச் சொல்லும். ‘சி’ நிலை அவ்விடத்தில் 2 டெசிபெலே கழிக்கும். மறுநாள் கையேட்டைப் படித்தபின் இதை அறிந்து, மீண்டும் அதே சுவரோரம் போய்ப் பொத்தானை மாற்றினோம். 73!

கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையே தந்தது. கேள்வியைத் தேர்ந்தவர் நாம். அறியாமல் தேர்ந்தோம் என்று சாக்குச் சொல்லலாம். ஆயின், முதலில் வந்த எண் நமக்குப் பாதகமாயிருந்திருப்பின், கையேட்டை அன்றே படித்திருப்போம் அல்லவா?

மலேசியச் சுற்றுச்சூழல் துறை வகுத்துள்ள இரைச்சல் வரம்புகளும் ‘ஏ’ நிலையிலேயே எழுதப்பட்டவை. ‘சி’ அளவு ‘ஏ’ அளவை 10 டெசிபெலுக்குமேல் மிஞ்சினால் சுருதி வாரியாக ஆராய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இலேயே கூறியது. இங்கே மிஞ்சியதோ 27. சுவர் தடுக்கும் என்பதும் வீண் நம்பிக்கை. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கும் மேல். பேச்சொலியைத் தடுக்கும் செங்கற்சுவர் அதனை அவ்வாறு தடுக்கமாட்டாது.

திருவிழாவில் உறுமி மேளம் தெருவையே அதிரச் செய்யவில்லையா என்பாரும் உளர். உறுமியை அடிப்பவர் கண்முன் நிற்கிறார். அது எப்பொழுது ஓயும் என்பதும் தெரியும். வேண்டியவர் உடன் ஆடுவர். சுவருக்கு அப்பால் இருப்பவருக்குப் படமும் இல்லை, பாட்டும் இல்லை. இடி மட்டுமே அவர் பங்கு.

பிரிக்பீல்ட்ஸிலோ இக்கேள்வி இன்னும் கூர்மையாகும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் உள்ளது. கைத்தடியோடு செவியையும் வழிகாட்டியாகக் கொண்டு அத்தெருக்களில் நடப்போர் பலர். உரத்த கீழ்ச்சுருதி, தனக்கு மேற்பட்ட சுருதிகளை விழுங்கும் இயல்புடையது. தீபாவளிக் காலத்தில் கடைவாசலிற் பெட்டியை முழக்குவோர், வாகன ஓசையைக் கேட்டுச் சாலையைக் கடக்கும் ஒருவருடைய கண்ணைக் கட்டுகிறோம் என்று எண்ணியா செய்கின்றனர்?

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் அந்த எண்ணைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. “லயத்திலே பலகைத் தடுப்புத்தான், தம்பி. இருமினால்கூட அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அதனாலே மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டோம். இங்கே கல்சுவர்” என்று மட்டும் சொன்னார்.

பெரிய பெட்டியைக் கொடுத்துவிட்டு, மூடிய சிறு பெட்டி வாங்கினோம். அதற்கு இடம் பார்க்கவும் ஒரு முறை உண்டு. பெட்டியை நமது நாற்காலியில் ஏற்றி ஒலிக்கவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து, எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கே அதை வைத்தல் வேண்டும். பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரித்த காட்சி அது. பொதுச்சுவரை விட்டு விலகிய மூலையல்லாத இடமொன்று அகப்பட்டது. பின்பு ‘சி’ நிலையில் வைத்த ஒலிமானியைப் பெரியவரிடம் கொடுத்தோம். அவர் தம் படுக்கையறையில் நின்று “போதும்” என்ற இடத்தில் நமது கைப்பிடியில் ஒரு கோடு கிழித்தோம். இடிக்குச் சற்று வலிமை குறைந்ததென்பது உண்மை; யானை இன்னும் நடக்கத்தான் செய்கிறது.

கருவி இப்பொழுது அவர் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. சில சமயம் அவரே வாசலுக்கு வந்து, “தம்பி, நாளைக்கு நாங்கள் சிரம்பான் போகிறோம், நல்ல படமாகப் போட்டுப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்.